நீங்க முன்னாடி போங்க, சம்பந்தியம்மா

— நீங்க முன்னாடி போங்க, சம்பந்தியம்மா.

— இல்ல இல்ல, நீங்க போங்க சம்பந்தி. பொண்ணைப் பெத்தவங்க நீங்க.

— அதனாலதான் சொல்றேன். மாப்பிள்ளையோட அம்மாவைப் பின்னாடி விட்டுட்டு நான் முன்னாடி போனா நல்லாவா இருக்கும்? தப்பா எடுத்துக்காதீங்க. பாதை வேற ஒத்தையடியா இருக்கு.

— பாதையா? இதுல பாதை எங்க இருக்கு? ராத்திரி நாம தங்கின மலைக்குடில்காரரு காலைல என்ன சொன்னாரு? மரம் முடிஞ்சா பாதையும் முடிஞ்சிடும், அதுக்கப்புறம் பாறையில சிவப்புப் பெயின்ட் அம்பு இருக்கும், அதைப் பார்த்துப் போங்கன்னாரு. இங்கேர்ந்து கையும் காலும் சேர்த்துதான் ஏறணும்.

— கையுமா?

— கையும்தான். பதட்டப்படாதீங்க. என்கிட்ட டிரைவிங் கத்துக்க வர்றவங்களும் மொத நாள் ஸ்டியரிங்கைப் பார்த்து இப்படித்தான் முழிப்பாங்க. அப்படி முழிச்சவங்கள்ல ரெண்டு பேரு இன்னிக்கு லாரி ஓட்டுறாங்க.

— எனக்கு லாரி எல்லாம் வேணாம் சம்பந்தியம்மா. பத்திரமா கீழ இறங்கினா போதும். இருங்க, ஷூ லேஸ் அவுந்துடுச்சு.

— மறுபடியுமா? ஓடைக்கிட்ட ஒரு தடவை, கடைசி மரத்துக்கிட்ட ஒரு தடவை. அப்படி என்னதான் முடிச்சுப் போடுறீங்க?

— புது ஷூங்க, இன்னும் படியல. நீங்க எனக்காக நிக்காதீங்க. போய்க்கிட்டே இருந்தா அந்தக் கல்லைத் தொட்டுடலாம்ல?

— அதெப்படி? ஒண்ணாக் கிளம்பினோம். உங்களை உக்கார வெச்சுட்டு நான் ஓடிப்போய்த் தொட்டா ஊரு என்ன சொல்லும்? பந்தயம்னாலும் ஒரு நியாயம் வேணாமா?

— பந்தயம் வெச்சதே நீங்கதான்.

— வேற என்ன பண்ணச் சொல்றீங்க? நேத்து சாயங்காலம் சூப்புக் கிண்ணத்தை முன்னாடி வெச்சுக்கிட்டு என் பையனும் உங்க பொண்ணும் நம்ம முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. வாடகை வீட்டைக் காலி பண்ணணும், இந்த அம்மா வீட்டுக்கு வர்றதா அந்த அம்மா வீட்டுக்கு வர்றதா, நீங்களே முடிவு பண்ணுங்கன்னுட்டாங்க. நீங்க ‘உங்க இஷ்டம்’னீங்க. நான் ‘உங்க இஷ்டம்’னேன். சூப்பு ஆறி ஆடை கட்டிடுச்சு. யாராவது வாயைத் திறக்கணுமேன்னுதான், உச்சியில இருக்குற கல்லை யாரு மொதல்ல தொடுறாங்களோ அவங்க வீட்டுக்கே ரெண்டு பேரும் குடி வரட்டும்னு சொல்லித் தொலைச்சேன்.

— நல்ல யோசனைதான். நான் உடனே சரின்னேனே.

— உடனே சரின்னீங்க. எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு.

— திக்குன்னா? எதுக்கு?

— எதுக்கு... சந்தோஷத்துலதான்.

— ம்ம்.

— ஏன் ம்ம்னு இழுக்குறீங்க?

— சும்மாதான். என் வேலையில பேசுறதை விட ‘ம்ம்’ போடுறதுதான் அதிகம். பழக்கம்.

— அந்தப் பசங்களும் நம்மகூட வந்திருக்கலாம். கால் வலியாம். நாம இந்த வயசுல மலை ஏறுறோம், அதுங்க குடில் வாசல்ல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு டாட்டா காட்டுதுங்க.

— ராத்திரி தூங்கியிருக்க மாட்டாங்க. பலகைக் கட்டில்ல அத்தனை பேரை வரிசையா அடுக்கி, ஆளுக்கு ஒரு கம்பளியைக் குடுத்தா யாருக்குத் தூக்கம் வரும்? அதுல அந்த மூலையில படுத்திருந்த தாடிக்காரரு விட்ட குறட்டை இருக்கே.

— அது தாடிக்காரரு இல்ல. நான்.

— தெரியும்.

— தெரிஞ்சுக்கிட்டேவா அந்த மனுஷன் மேல பழியைப் போட்டீங்க?

— அவரு எனக்குச் சம்பந்தி இல்லையே.

— வாயில நல்லா எண்ணெய் ஊத்தி வெச்சிருக்கீங்க. சரி, வாங்க. நான் முன்னாடி போறேன். தொடுறதுக்காக இல்ல, வழி காட்டுறதுக்கு. அதைத் தெளிவாச் சொல்லிட்டேன்.

— தெளிவாக் கேட்டுக்கிட்டேன்.

— மேடு ஏறிட்டோம், கொஞ்சம் உக்காருவோமா? பிளாஸ்க்ல டீ இருக்கு.

— உக்காருவோமே. என்ன அவசரம்?

— மேகம் வர்றதுக்குள்ள இறங்கிடுங்கன்னாரு குடில்காரரு.

— மேகத்தையே காணோம். நல்லா உக்காந்து குடிங்க. ஒண்ணு சொல்லணும்னு நினைச்சேன் சம்பந்தியம்மா. உங்க வீடுதான் அவங்களுக்குத் தோது. வாசல்ல இறங்கினா பஸ்ஸு.

— ராத்திரியெல்லாம் ஹாரன் அடிப்பான். உங்க வீடுன்னா பால்கனி இருக்கு. துணி காயும்.

— துணி காயும், ஆனா வெயில் ஏறினா அடுப்பு மாதிரி இருக்கும். உங்க சமையலறை எவ்வளவு பெருசு. ரெண்டு பேரு நின்னாலும் இடிச்சுக்க மாட்டாங்க.

— கதவு சரியா மூடாது. உங்க பாத்ரூம்ல சுடுதண்ணி உடனே வரும். மனுஷனுக்கு வேற என்ன வேணும்?

— எங்க தண்ணியைப் பத்தி என்கிட்டயே சொல்றீங்களா? குடிநீர் ஆபீஸ்ல புகார் ஃபோனை எடுக்குறவ நான், தண்ணி வரலைன்னு ஊர் பூரா கூப்பிடுறது என்னைத்தான்.

— டீ ஆறிடுச்சு. எந்திரிங்க, இப்படியே உக்காந்திருந்தா ராத்திரி ஆயிடும்.

— அம்பு எங்க காட்டுது?

— நேரா மேல. அந்தப் பெரிய பாறையில சங்கிலி தொங்குது பாருங்க, அதைப் பிடிச்சுக்கிட்டு.

— அதுலயா? அது சுவரு மாதிரி இருக்கு சம்பந்தியம்மா.

— பக்கத்துல போனா படி படியாத் தெரியும். நான் ஏறுறதைப் பாருங்க. கையை இங்க வைக்கிறேன், காலை இங்க. ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் நகர்த்தணும், மத்த மூணும் பாறையில இருக்கணும். கிளட்ச்சு, பிரேக்கு, ஆக்சிலேட்டரு எல்லாத்தையும் சேர்த்து மிதிச்சா வண்டி என்ன ஆகும்?

— என்ன ஆகும்?

— உதறும். உதறக் கூடாது. வாங்க. வலது கையால விளிம்பைப் பிடிங்க.

— பிடிச்சுட்டேன்.

— கால்.

— எந்தக் கால்?

— எது சும்மா இருக்கோ அது.

— ரெண்டும் நடுங்கிக்கிட்டு இருக்கு. சும்மா எதுவும் இல்ல.

— அப்ப இடது. மெதுவா, மெதுவா. அவ்வளவுதான். இப்ப சங்கிலி.

— இதை எப்ப அடிச்சாங்களோ. துரு இருக்கு.

— எங்க டிரைவிங் ஸ்கூல் வண்டிங்களை விடப் புதுசாத்தான் இருக்கு. பிடிங்க.

— சம்பந்தியம்மா.

— என்ன?

— கீழ பார்த்துட்டேன்.

— ஏன் பார்த்தீங்க?

— குடில் தெரியுதான்னு. தீப்பெட்டி மாதிரி தெரியுது. இனிமே என்னால ஒரு அடி நகர முடியாது. நான் இப்படியே நிக்கிறேன், நீங்க போய்த் தொட்டுட்டு வந்துடுங்க. மனசாரத்தான் சொல்றேன். பொண்ணும் மாப்பிள்ளையும் உங்க வீட்லயே இருக்கட்டும்.

— அந்தக் கதையெல்லாம் அப்புறம். கத்துக்க வந்த யாரையும் நடு ரோட்டுல இறக்கி விட்டுட்டுப் போனவ இல்ல நான். என்ன தெரியுது உங்களுக்கு?

— பாறை.

— வேற?

— உங்க ஷூவோட அடி.

— அது போதும். பின்னாடி என்ன இருக்குன்னு இப்ப தேவையில்ல. வண்டியோட பக்கக் கண்ணாடியை மடக்கி வெச்சாச்சுன்னு நினைச்சுக்குங்க. என் ஷூவைப் பார்த்துக்கிட்டே வலது காலைத் தூக்குங்க. முழங்கால் உயரத்துல ஒரு பள்ளம் இருக்கு.

— தடவிப் பார்க்குறேன். இருக்கு.

— நம்பி எடையைப் போடுங்க. பாதி நம்பினாதான் வழுக்கும்.

— போட்டுட்டேன்.

— சங்கிலியை விடாதீங்க. அடுத்த கால். அடுத்த கை. இன்னொரு தடவை. ஆங். எந்திரிச்சு நில்லுங்க.

— வந்துட்டேனா?

— திரும்பிப் பாருங்க. இப்ப பார்க்கலாம்.

— அடியம்மா. இதுலயா நான் ஏறினேன்?

— வேற யாரு? நான் ஒரு விரலைக்கூட நீட்டலையே.

— நாற்காலி மேல ஏறி பல்பு மாத்தணும்னாலே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுறவ நான். சம்பந்தியம்மா, எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கு. வெளிய சொல்லக் கூடாதுதான். ஆனா இருக்கு.

— சொல்லுங்க. இங்க சொல்லாம வேற எங்க சொல்றது? வாங்க, இன்னும் கொஞ்சம்தான்.

— வர்றேன்... ஏன் நின்னுட்டீங்க?

— ஒண்ணுமில்ல.

— ஒண்ணுமில்லைன்னு சொல்ற குரலு இது இல்லையே.

— இங்க பாறை ரெண்டாப் பிளந்திருக்கு. அந்தப் பக்கம் போகணும். ஒரே எட்டுதான். பிள்ளைங்க கூடத் தாண்டிடும்.

— அப்புறம்?

— எங்க வண்டியில என் காலுக்குக் கீழ தனியா ஒரு பிரேக்கு இருக்கும் சம்பந்தி. கத்துக்குறவங்க என்ன கூத்து அடிச்சாலும் நான் அமுக்கி நிறுத்திடுவேன். இத்தனை வருஷம் அந்தத் தைரியத்துலதான் எல்லாருக்கும் பதட்டப்படாதீங்கன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். இங்க அது இல்ல. கால் தேடுது.

— உங்க சிரமம் புரியுது.

— ஃபோன்ல சொல்ற மாதிரி சொல்லாதீங்க.

— ஃபோன்ல சொல்ற மாதிரிதான் சொல்லப் போறேன். தண்ணி வரலைன்னு என்னைப் பேர் வெச்சுத் திட்டினவங்க லைனைக்கூட நானா வெச்சதில்ல. இப்ப நீங்க லைன்ல இருக்கீங்க. உங்க புகாரைச் சொல்லுங்க.

— விளையாடாதீங்க.

— புகாரைச் சொல்லுங்கம்மா.

— பயமா இருக்கு.

— பதிவு பண்ணிக்கிட்டேன். வேற?

— முட்டி நடுங்குது.

— அதையும் சேர்த்துக்கிட்டேன். ஆளு கிளம்பிட்டாங்க, இப்ப சரியாயிடும். அதுவரைக்கும் எதிர்ல பாருங்க. மஞ்சளாப் பாசி படிஞ்ச ஒரு கல்லு தெரியுதா?

— தெரியுது. வழுக்குமோ?

— காய்ஞ்ச பாசி. வழுக்காது. உங்க கால் அதுலதான் இறங்கப் போகுது. பிளவுக்குள்ள பார்க்காதீங்க, அது நம்ம ஏரியா இல்ல. லைன்லயே இருங்க.

— இருக்கேன்.

— இப்ப போங்க.

— ஆத்தாடி.

— லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேன். அந்தப் பக்கம் இருக்கேன் சம்பந்தி. தாண்டிட்டேன்.

— புகார் முடிஞ்சுது. கொஞ்சம் நகருங்க, நானும் வர்றேன்.

— கையைக் குடுங்க... அவ்வளவுதான். இதுக்கு மேல ஏறுறதுக்கு ஒண்ணுமே இல்ல சம்பந்தி. சுத்திப் பாருங்க.

— எல்லா மலையும் நமக்குக் கீழ இருக்கு.

— எல்லாமேதான். அந்த ஆறு பாருங்க, நேத்து முழுக்க அதை ஒட்டித்தானே நடந்தோம். நூலு மாதிரி கிடக்கு.

— காத்து என்னமா அடிக்குது. நின்னா ஆளைத் தள்ளிடும் போல இருக்கு. எனக்குக் கத்தணும் போல இருக்கு சம்பந்தியம்மா.

— கத்துங்க.

— என்னன்னு?

— ஏதாவது கத்துங்க. காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் மெதுவாவே பேசுற வாய். இங்க யாரு திட்டப் போறா?

— ஏஏஏய்.

— இதுவா கத்துறது? ஃபோன்ல பேசுற மாதிரி இருக்கு. இன்னும்.

— ஏஏஏஏஏய், தண்ணி நாளைக்குத்தான் வரும், போங்கடா.

— அப்படிப் போடுங்க.

— நெஞ்சு லேசாயிடுச்சு. அப்பாடா.

— அதோ பாருங்க. கல்லு.

— ஆமா. கல்லு.

— நாலு எட்டு வெச்சா தொட்டுடலாம்.

— போங்க.

— நீங்க போங்க. உங்க குரல் இல்லைன்னா நான் அந்தப் பிளவுலயே குடும்பம் நடத்தியிருப்பேன். நியாயப்படி அது உங்க கல்லு.

— நீங்க இல்லைன்னா நான் இன்னும் சங்கிலியில தொங்கிக்கிட்டு இருப்பேன். உங்க கல்லுதான் அது.

— ஏன் உக்காந்துட்டீங்க?

— லேஸ்.

— சம்பந்தி, என் முகத்தைப் பாருங்க. உங்க லேஸ் ஒரு தடவைகூட அவுழல. காலைலேர்ந்து பார்த்துக்கிட்டுதான் வர்றேன். வண்டி எடுக்க இஷ்டமில்லாதவங்க காலு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? உங்க ரெண்டு காலும் பிரேக்குலயே இருக்கு.

— நானும் ஒண்ணு சொல்லிடுறேன், தப்பா எடுத்துக்காதீங்க. திக்குன்னு ஆனது சந்தோஷத்துலன்னு சொன்னீங்களே, அந்தக் குரலு எனக்கு அத்துப்படி. குழாய்ல தண்ணி கொட்டிக்கிட்டே இருக்கும், வரவே இல்லைன்னு சாதிப்பாங்க பாருங்க. அந்தக் குரலு அது.

— நீங்க மொதல்ல சொல்லுங்க.

— நீங்க சொல்லுங்க.

— இதுலயும் நீங்க முன்னாடி போங்கன்னு ஆரம்பிக்காதீங்க. எனக்கு வேணாம் சம்பந்தி. அவங்க என் வீட்டுக்கு வர வேணாம். சொல்லிட்டேன்.

— எனக்கும் வேணாம்.

— நிஜமாவா?

— சத்தியமா.

— எங்க வீட்ல என் மாமியார் இருந்த வரைக்கும் அவங்க வெச்சதுதான் சட்டம். அப்புறம் வீட்டுக்காரரோட சீக்கு. அவரும் போனப்புறம் பையனோட நேரத்துக்குத்தான் நான் எந்திரிச்சேன், சமைச்சேன், படுத்தேன். அவன் கல்யாணம் ஆகிப் போன அன்னிக்கு ராத்திரி ரொட்டியில வெண்ணெயைத் தடவி, நின்ன இடத்துலயே தின்னுட்டு, கட்டில்ல குறுக்கால படுத்துத் தூங்கினேன். காலைல எந்திரிச்சா, இப்படி ஒரு வாழ்க்கை இருக்குன்னு ஏன் யாரும் எனக்குச் சொல்லலைன்னு இருந்துச்சு.

— எனக்குச் சத்தம்தான் சம்பந்தியம்மா. நாள் பூரா காதுல ஊரோட வசவு. வீட்டுக்குப் போய் மேசையில சாவியை வெச்சா அந்தச் சாவிச் சத்தம் கேக்கும், அவ்வளவு அமைதி. அதுக்காகவே ஆபீஸ் முடிஞ்சதும் வேகமா நடப்பேன். பொண்ணோட அப்பா இல்லாத வீடுன்னு மொதல்ல அழுதேன், பொய் சொல்லல. இப்ப அது என் வீடு. ஆனா இதை யாருகிட்ட சொல்றது? பெத்த பொண்ணையே வேணாங்குறாளேம்பாங்க.

— பையன் மேல எனக்கு உசுரு. உங்க பொண்ணு மேலயும்தான். ஞாயித்துக்கிழமை வரட்டும், வாய்க்கு ருசியா ஆக்கிப் போடுறேன். சாயங்காலம் கிளம்பிடட்டும்.

— அப்ப எந்தத் தைரியத்துல பந்தயம் வெச்சீங்க?

— நீங்க ஜெயிச்சுடுவீங்கன்னுதான். உங்க ஆபீஸ் நாலாவது மாடி, தினமும் படி ஏறுறவங்க. நானு நாள் பூரா கார் சீட்ல. எப்படியும் தோத்துடலாம்னு நினைச்சேன். நீங்க ஏன் உடனே சரின்னீங்க?

— லாரிக்காரன்கிட்டயே மல்லுக்கு நின்னு வழி வாங்குறவங்க நீங்க. என்னை எங்க ஜெயிக்க விடப் போறீங்கன்னுதான்.

— அப்ப ரெண்டு பேரும் தோக்குறதுக்காகவா இந்த மலையை ஏறினோம்?

— தோக்கணும்னு வந்து ரெண்டு பேரும் ஜெயிச்சுட்டோம். சிரிப்பு காட்டாதீங்க, வயிறு வலிக்குது.

— இப்ப என்ன பண்றது? தொடாமலே இறங்கிடலாமா?

— இவ்வளவு தூரம் ஏறிட்டா? அதெல்லாம் முடியாது. அந்தக் கல்லு எனக்கு வேணும் சம்பந்தியம்மா. பொண்ணுக்காக இல்ல. எனக்கு.

— எனக்கும் வேணும். அப்ப சேர்ந்து தொடுவோம். ரெண்டு பேரு கையும் ஒரே நேரத்துல படட்டும். சமம்னு சொல்லிடுவோம். யாரு வீடும் வேணாம், நல்லதா ஒரு தனி வீடு நாமளே பார்த்துக் குடுப்போம்.

— இது நியாயம். கையைக் குடுங்க.

— இறுக்கிப் பிடிங்க. ஒண்ணா நடப்போம். ஒண்ணு, ரெண்டு...

— இருங்க, ஃபோன் அடிக்குது. குடிலை விட்டப்புறம் இங்கதான் மறுபடி சிக்னல் கிடைக்குது போல. என் பொண்ணுதான். ஸ்பீக்கர்ல போடுறேன், நீங்களும் பேசுங்க. சொல்லும்மா.

— அம்மா, கேக்குதா? எங்க இருக்கீங்க?

— உச்சியில இருக்கோம்டி.

— நிஜமாவா? அத்தையும் ஏறிட்டாங்களா?

— உங்கம்மாதான் என்னை ஏத்தி விட்டாங்க. உங்க கால் வலி எப்படி இருக்கு?

— கால் வலியெல்லாம் சும்மா சொன்னது அத்தை. கிளம்புறதுக்கு மொத நாள்தான் எங்களுக்கே தெரியும். குடில் வரைக்கும் நடக்கலாம், பாறையில ஏறவே கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் உச்சிக்குப் போனப்புறம்தான் சொல்லணும்னு உங்க பையன் ஒரே பிடிவாதம்.

— டாக்டரம்மாவா? எதுக்கும்மா?

— அத்தை, வீட்டுக்குக் குடி வரப்போறது ரெண்டு பேரு இல்ல. மூணு பேரு.

— என் கண்ணு.

— அம்மா, அழறியா?

— அழலடி. காத்து. இங்க காத்து ஜாஸ்தி.

— அத்தை, நீங்களும் கேட்டீங்கல்ல?

— கேட்டேம்மா. நல்லா இருங்க. மூணு பேரும் நல்லா இருங்க.

— சரி சரி, யாரு மொதல்ல தொட்டது? சீக்கிரம் சொல்லுங்க. பந்தயம் பந்தயம்தான், மாத்திப் பேச மாட்டோம். யாரு தொட்டாங்களோ அந்த வீட்லதான் எங்க குழந்தை வளரும்.

— இன்னும் தொடலம்மா.

— இன்னும் யாரும் தொடல.

— தொட்டதும் கூப்பிடுங்க. வெக்கிறேன்.

— சம்பந்தி.

— சொல்லுங்க சம்பந்தியம்மா.

— தனி வீடு பார்த்துக் குடுக்குறதாப் பேசிக்கிட்டு இருந்தோம்ல.

— ஆமா, பேசினோம். நல்ல வீடாப் பார்க்கணும். அவசரப்பட்டு ஏதோ ஒண்ணைப் பிடிச்சுடக் கூடாது.

— கூடவே கூடாது. கிடைக்கிற வரைக்கும் எங்கயாவது இருந்துக்கட்டும். எங்க சமையலறை நீங்க சொன்ன மாதிரி பெருசுதான்.

— எங்க பால்கனியில வெயில்னு சொன்னேனே, அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. தொட்டில் போட்டா அவ்வளவு அருமையா இருக்கும்.

— கையை ஏன் விட்டீங்க?

— ஃபோனைப் பைக்குள்ள வெக்கிறதுக்கு.

— வெச்சாச்சுல்ல?

— வெச்சாச்சு. ஆனா உங்க முட்டி இன்னும் நடுங்குது பாருங்க சம்பந்தியம்மா, எனக்கே பாவமா இருக்கு. நீங்க இப்படி உக்காந்து நல்லா மூச்சு வாங்கிக்குங்க. அந்தக் கல்லு ஆடுதா என்னன்னு நான் மட்டும் சும்மா தொட்டுப் பார்த்துட்டு வந்துடறேன்.